பைலட் லாஞ்ச் வாங்கலாமா, அண்ணாச்சி?

போன இதழில் என் பழைய பைலட் லாஞ்சின் படத்தைப் போட்டு ஒரு பக்கம் எழுதியிருந்தார்கள். தூத்துக்குடியில் அந்த மாதிரி லாஞ்சுகளில் என்ஜின் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கழித்துவிட்ட ஒரு இரும்பு லாஞ்சை ஏலத்தில் எடுத்து, தோணித்துறைப் பக்கம் போட்டுச் சீர்செய்து, இப்போது ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அதைப் படித்துவிட்டு ஆளாளுக்குக் கடிதம் எழுதிவிட்டார்கள். ஆசிரியர் கட்டாகக் கொண்டுவந்து மேசையில் வைத்து, "நீங்களே பதில் சொல்லிருங்க" என்று போய்விட்டார். சொல்கிறேன்.

கேள்வி: விசைப்படகு பார்த்திருக்கிறோம், தோணி பார்த்திருக்கிறோம். பைலட் லாஞ்சில் அப்படி என்ன விசேஷம்? வாங்கினால் பிரயோஜனம் உண்டா?
— வாசகர், நாங்குநேரி

வெளியூர்க் கப்பலின் கேப்டனுக்கு நம் துறைமுகத்தின் வாய்க்கால், ஆழம், நீரோட்டம் எல்லாம் தெரிந்திருக்காது. அதனால் இங்கேயுள்ள பைலட் ஒருவர் நடுக்கடலில் அந்தக் கப்பலில் ஏறி, கேப்டன் பக்கத்தில் நின்று வழி சொல்லி உள்ளே கொண்டுவருவார். அவரைக் கொண்டுபோய் ஏற்றுவதும், புறப்படும் கப்பலிலிருந்து இறக்கிக்கொண்டு வருவதும்தான் லாஞ்சின் வேலை.

கேட்க லேசாக இருக்கும். ஆனால் கப்பல் நமக்காக நிற்காது. ஆறு ஏழு நாட் வேகத்தில், அதாவது மணிக்கு ஆறு ஏழு கடல்மைல் வேகத்தில், போய்க்கொண்டே இருக்கும். காற்று மறைவாக உள்ள பக்கத்தில் கயிற்றேணியைத் தொங்கவிட்டிருப்பார்கள். ஏற வேண்டிய உயரம் 9 மீட்டருக்கு மேல் என்றால் கயிற்றேணியோடு கப்பலின் சாய்வுப் படியையும் சேர்த்து இறக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. லாஞ்ச் தன் தோளைக் கப்பலின் விலாவில் கொடுத்து, ஒட்டியபடியே கூட ஓட வேண்டும். அலை மேலே தூக்கும்போது பைலட் ஏணியைப் பிடிப்பார். அவர் கால் மேலே போன மறுநொடி லாஞ்சை ஓட்டும் செராங் சுக்கானைத் திருப்பி விலகிவிட வேண்டும். தாமதித்தால் லாஞ்ச் பின்பக்கம், கப்பலின் புரொப்பெல்லர் இருக்கும் திசைக்குச் சரியும்.

ஆக, முட்டுவதற்கென்றே கட்டிய படகு இது. சுற்றிலும் தடித்த ரப்பர் ஃபெண்டர், வீல்ஹவுஸைச் சுற்றிப் பிடிகம்பி, வழுக்காத மேல்தளம், இரண்டு என்ஜின், இரண்டு புரொப்பெல்லர். கச்சான் என்கிற மேற்குக் காற்றில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும் நாளிலும் கப்பல் வந்தால் இது போயாக வேண்டும். அதனால் கட்டுமானம் கெட்டியாக இருக்கும். இதன் நல்லது கெட்டது இரண்டும் இந்த வேலையிலிருந்தே வருகிறது. வாங்கப் போகிறவர் அதை மறக்கக் கூடாது.

பிரயோஜனம் என்று கேட்டால், மீன் பிடிக்க லாயக்கில்லை. ஐஸ் பெட்டிக்கு இடமில்லை, வலை இழுக்கப் பின்பக்கம் வாகில்லை. சரக்கும் ஏற்ற முடியாது. கடலில் போய்வரப் பிடித்தவனுக்கு, அதுவும் கொஞ்சம் கரடுமுரடான கடலில் போகப் பிடித்தவனுக்கு, இதைவிட நம்பகமான படகு அந்த விலைக்குக் கிடைக்காது. வருமானம் தேடுகிறவர் வேறு எதையாவது பார்க்கலாம்.

கேள்வி: என் வீட்டுக்காரர் கல்ஃபில் இருந்து வந்துவிட்டார். கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது. உங்கள் படத்தைப் பார்த்ததிலிருந்து ஏல விளம்பரங்களையே மேய்ந்துகொண்டிருக்கிறார். தடுக்கவா, விடவா?
— வாசகி, ஏரல்

தங்கச்சி, தடுக்க வேண்டாம். ஆனால் ஒரு தாளும் பேனாவும் எடுத்து அவர் பக்கத்தில் உட்காருங்கள்.

துறைமுகங்கள் கழித்த படகுகளைப் பெரும்பாலும் எம்.எஸ்.டி.சி. என்ற மத்திய அரசு நிறுவனம் வழியாக இணைய ஏலத்தில்தான் விற்கும். இருக்கும் இடத்தில், இருக்கும் நிலையில் என்பதுதான் நிபந்தனை. எடுத்த பிறகு என்ஜினுக்குள் தண்ணீர் இருந்தது, அடித்தகடு ஓட்டை என்று ஒருவரிடமும் முறையிட முடியாது. முன்பணம் கட்ட வேண்டும். ஏலம் நம் பேருக்கு நின்றால் குறித்த நாளுக்குள் மீதியைக் கட்டிப் படகை அப்புறப்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் தரைவாடகை ஏறும். பார்வையிட நாள் ஒதுக்குவார்கள். அந்த நாளில் நேரில் போகாமல் படத்தைப் பார்த்து ஏலம் கேட்கிறவரை நீங்கள் தாராளமாகத் தடுக்கலாம்.

படகு விலை பெரிய விஷயமில்லை. பழைய இரும்பின் விலையை ஒட்டித்தான் பெரும்பாலும் போகும். ஆனை வாங்கினவனுக்கு அதற்கப்புறம்தானே செலவு. 300 குதிரைத்திறன் என்ஜின் ஒன்று முழு வேகத்தில் மணிக்கு 55 லிட்டர் டீசல் குடிக்கும். இரண்டு என்ஜினுக்கு 110 லிட்டர். லிட்டர் 90 ரூபாய்க்கு மேல் விற்கிறது, மீனவர்களுக்குக் கிடைக்கும் வரிவிலக்கு டீசலும் நமக்குக் கிடையாது. மணிக்குப் பத்தாயிரம் ரூபாய். இதைக் கேட்டதும் உங்கள் முகம் எப்படி மாறியிருக்கும் என்று தெரியும். ஆனால் கதை அதோடு முடியவில்லை. 40 அடி நீளம் தண்ணீரில் படிந்த படகுக்கு எட்டு எட்டரை நாட் வரைதான் கடல் சுலபமாக வழிவிடும். அதற்கு மேல் கூடும் ஒவ்வொரு நாட் வேகத்துக்கும் எண்ணெயைக் கொட்ட வேண்டும். ஆறு, ஆறரை நாட் வேகத்தில் நிதானமாகப் போனால் மணிக்கு 15 லிட்டருக்குள் முடித்துவிடலாம். துறைமுகத்துக்கு அவசரம் இருந்தது. உங்கள் வீட்டுக்காரருக்கு என்ன அவசரம்?

டீசலை விடப் பெரிய கேள்வி, எங்கே கட்டி வைப்பது என்பது. மீன்பிடித் துறைமுகத்தில் மீன்பிடிப் படகுகளுக்கே இடம் போதவில்லை. ஏரலில் வீட்டு வாசலில் நிறுத்த முடியாது. தனியார் தளத்தில் இடம் பேசி, மாத வாடகையும் காவலுக்கு ஒரு ஆளும் உறுதியான பிறகு ஏலத்துக்குப் பணம் கட்டச் சொல்லுங்கள். இதில் நிதானம் காட்டுகிறார் என்றால் படகிலும் நிதானமாக இருப்பார்.

கேள்வி: வாங்கித் தாமிரபரணியில் விடலாமா? குறுக்குத்துறையில் கட்டி வைத்தால் ஊரே பார்க்குமே!
— வாசகர், பாளையங்கோட்டை

பார்க்கும். எப்படிக் கொண்டுவந்தீர்கள் என்றும் கேட்கும். புன்னைக்காயல் முகத்துவாரத்தில் மணல் திட்டு, அதைத் தாண்டினால் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு, அப்புறம் மருதூர். ஆற்றில் மொத்தம் எட்டு அணைக்கட்டு. என் லாஞ்சுக்கு ஒன்றரை மீட்டர் தண்ணீர் வேண்டும். சித்திரையில் குறுக்குத்துறையில் முழங்காலுக்குத் தண்ணீர் இருந்தால் அதிசயம். ஐப்பசி வெள்ளத்தில் கட்டி வைத்தீர்களென்றால் ஸ்ரீவைகுண்டத்தில் போய்த் தேட வேண்டியிருக்கும்.

கேள்வி: இரும்பா, பைபரா, மரமா? எதை நம்பி வாங்கலாம்? பார்வையிடும் நாளில் எங்கே கையை வைத்துப் பார்க்க வேண்டும்?
— வாசகர், மணப்பாடு

கடற்கரைக்காரர் கேள்வி. விவரமாகவே சொல்கிறேன்.

முதலில் தோளைப் பாருங்கள். அணியத்திலிருந்து, அதாவது முன்முனையிலிருந்து, நடுப்பக்கம் வரைக்கும் உள்ள வளைவு அது. வருஷக்கணக்காகக் கப்பலில் முட்டிய இடம். இரும்புப் படகில் அங்கே வங்குகளுக்கு, அதாவது உள்ளே விலா எலும்பு மாதிரி நிற்கும் சட்டங்களுக்கு, இடையில் தகடு குழிந்திருக்கும். குழிவைக் கண்டு பயப்பட வேண்டாம். வங்கு வளைந்திருக்கிறதா, வங்கும் தகடும் சேரும் வெல்டிங் பிளந்திருக்கிறதா என்று உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். பிளந்திருந்தால் வேலை பெரிது.

இரும்பு பெரும்பாலும் வெளியே இருந்து கெடாது. வெளிப்பக்கம் துத்தநாகக் கட்டி பொருத்தியிருப்பார்கள், உப்புத்தண்ணீர் இரும்பை விட்டுவிட்டு அதைத் தின்னும். வருஷத்துக்கு ஒருமுறை பார்த்து மாற்றினால் போதும். அதன் மேல் பெயிண்ட் மட்டும் அடிக்கக் கூடாது. அடித்தால் வைத்தே பிரயோஜனம் இல்லை. இந்தத் தப்பைச் செய்யாத பெயிண்டரை நான் பார்த்ததே குறைவு. கெடுவது உள்ளே இருந்துதான். என்ஜினுக்கு அடியில் எண்ணெயும் தண்ணீரும் தேங்கும் பள்ளம், நங்கூரச் சங்கிலி கிடக்கும் அறை, கழிவறைக்குக் கீழே, வீல்ஹவுஸ் ஜன்னல் ரப்பருக்குக் கீழே. இந்த நாலு இடத்திலும் சுத்தியலால் தட்டுங்கள். "டங்" என்றால் சரி. "டப்" என்றால் அல்ட்ராசோனிக் கேஜ் வைத்து கனம் அளக்க வேண்டும். முதலில் போட்ட கனத்தில் கால்பங்கு போயிருந்தால் தகட்டை மாற்றச் சொல்வதுதான் சர்வேயர்களின் வழக்கம். பழைய தகட்டின் மேலேயே இன்னொரு தகட்டை ஒட்டி வெல்டு செய்திருப்பதைப் பார்த்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். இரண்டுக்கும் நடுவில் ஈரம் நின்று உள்ளுக்குள்ளே அரித்துக்கொண்டிருக்கும்.

பைபர் படகில் தோளில் நட்சத்திரம் போலக் கீறல் விழும். அதைவிட ஃபெண்டரைப் பிடித்திருக்கும் போல்ட் ஓட்டைகள்தான் ஆபத்து. ரப்பர் ஒவ்வொரு முறை நசுங்கும்போதும் போல்ட் அசைந்து, ஓட்டை பெரிதாகி, நடுவில் மரமோ நுரையோ வைத்த இடத்துக்குள் தண்ணீர் இறங்கும். பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் சத்தம் மந்தமாகும் இடம் தெரியும். அடியில் கொப்புளம் இருந்தால் உடனே பூசி மறைக்கக் கூடாது. உரித்து, நல்ல தண்ணீரில் கழுவி, மாதக்கணக்கில் காயவிட்டு, அப்புறம் எபாக்சி பிசின் பூச வேண்டும். பழைய பாலியஸ்டர் பிசின் மேல் எபாக்சி பிடிக்கும். எபாக்சி மேல் பாலியஸ்டர் சரியாகப் பிடிக்காது. இதைத் தெரியாதவர் கையில் வேலையைக் கொடுக்காதீர்கள்.

மரத்தில் பைலட் லாஞ்ச் இன்றைக்குக் கிடைத்தால் அதிர்ஷ்டம். 1974-இல் பெரிய துறைமுகம் ஆவதற்கு முன்னால் தூத்துக்குடியில் கப்பல்கள் கரையிலிருந்து மைல்கணக்கில் தள்ளித்தான் நங்கூரமிடும், சரக்கெல்லாம் தோணியில் வரும். அந்தத் தோணிகளைக் கட்டிய ஓடாவிகளின் வாரிசுகள் இன்றும் இருக்கிறார்கள். படகின் முதுகெலும்பான ஏராக்கட்டை நேராக இருந்தால் மற்ற பலகைகளை அவர்கள் ஒவ்வொன்றாக மாற்றித் தருவார்கள். பலகை இடுக்குகளில் பஞ்சை அடைத்துக் கலப்பத்து அடிக்கிற கை மட்டும் குறைந்துகொண்டே வருகிறது. மரத்தைத் துளைக்கும் கடல்புழுவுக்கு வெளியே தெரிவது ஊசிமுனை அளவு ஓட்டை. உள்ளே விரல் தடிமனுக்குக் குடைந்திருக்கும். மெல்லிய திருப்புளியால் குத்திப் பார்க்காமல் மரப்படகுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

என்னைக் கேட்டால் இரும்பு. காரணம் ஒன்றுதான். நம் பக்கத்தில் எந்த முக்கில் போய்க் கேட்டாலும் ஒரு வெல்டர் கிடைப்பார்.

கேள்வி: ஒரு பழைய இரும்புப் படகில் மூடிக் கிடக்கும் தொட்டிக்குள் இறங்கி வெல்டிங் செய்யக் கூப்பிடுகிறார்கள். காலியான தொட்டி, எண்ணெய் எதுவும் இல்லை என்கிறார்கள். இறங்கலாமா?
— வெல்டர், முக்காணி

தம்பி, அப்படியே இறங்காதே. இந்தக் கடிதத்தை முதலில் போடச் சொல்லியிருக்க வேண்டும்.

இரும்பு துருப்பிடிக்கக் காற்றிலுள்ள ஆக்சிஜன் வேண்டும். வருஷக்கணக்காக மூடிக் கிடக்கும் தொட்டியில் துரு அந்த ஆக்சிஜனை எடுத்துத் தீர்த்திருக்கும். வாடை வராது, மூச்சு முட்டாது, தலை மட்டும் சுற்றும். அதற்குள் கால் மடங்கிவிடும். காப்பாற்ற இறங்குகிறவனும் அங்கேயே விழுவான். நல்ல காற்றில் ஆக்சிஜன் நூற்றுக்கு 21 பங்கு இருக்கும். மீட்டர் வைத்து அளந்து 20.9 காட்டிய பிறகுதான் இறங்க வேண்டும். மூடியை முந்தைய நாளே திறந்து, ப்ளோயர் போட்டு, வெளியே ஒரு ஆளை நிறுத்தி, இடுப்பில் கயிறு கட்டி இறங்கு. வெல்டிங் செய்யும்போதும் ப்ளோயர் ஓடட்டும். டீசல் தொட்டி என்றால் எண்ணெய் ஆவி இல்லை என்பதற்கும் தனியாகச் சோதனை வேண்டும்.

இன்னொன்று. பழைய லாஞ்சுகளில் புகைக்குழாயைச் சுற்றி வெள்ளையாகப் பஞ்சுத்துணி மாதிரி சுற்றியிருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். கையால் பிய்க்காதே. தெரிந்தவர்களைக் கூப்பிட்டு எடுக்கச் சொல். மீட்டருக்கும் ப்ளோயருக்கும் செலவாகும் என்று இழுக்கிற முதலாளியிடம் வேலையே வேண்டாம்.

கேள்வி: எந்த மாதத்தில் கரையேற்றிப் பெயிண்ட் அடிப்பது நல்லது?
— வாசகர், புன்னைக்காயல்

தை, மாசி. விளக்கமும் சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு எல்லாம் அப்போதுதான் கரையேறும். ஓடாவி, வெல்டர், பெயிண்டர், டிராலி, எதுவும் உங்களுக்குக் கிடைக்காது, கிடைத்தால் கூலி இரட்டிப்பு. தடைக்காலம் முடிந்ததும் கச்சான் பலமாக வீசும், உப்பளத்துத் தூசியும் தேரிச் செம்மணலும் ஈரப் பெயிண்டில் ஒட்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழை. மிஞ்சுவது தையும் மாசியும்தான்.

அந்த மாதங்களிலும் விடிகாலைப் பனியில் அடிக்கக் கூடாது. தகட்டின் சூடு, பனி படியும் சூட்டைவிட 3 டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும், காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பெயிண்ட் கம்பெனிக்காரர்கள் சொல்லும் அளவு. நம் ஊரில் காலை ஒன்பது மணிக்கு மேல் ஆரம்பித்தால் சரியாக வரும். துருவை உரித்ததும் கண்டிப்பாக நல்ல தண்ணீரில் கழுவுங்கள். தூத்துக்குடிக் காற்றிலேயே உப்பு இருக்கிறது. அந்த உப்பின் மேல் எத்தனை விலை உயர்ந்த பெயிண்ட் அடித்தாலும் ஆறு மாதத்தில் கொப்புளிக்கும். சிப்பி மாதிரி அடியில் ஒட்டி வளரும் கொட்டலசு ஒட்டாமல் இருக்க அடிக்கும் தாமிரப் பெயிண்டை இரும்புக்கு அடிக்கலாம், கீழே எபாக்சி பூச்சு முழுசாக இருந்தால். அலுமினியப் படகுக்கு மட்டும் அதைத் தொடவே கூடாது, தாமிரம் அலுமினியத்தைத் தின்றுவிடும்.

கேள்வி: லாரி மெக்கானிக் நான். லாஞ்சின் பழைய என்ஜினைத் தூக்கிவிட்டு லேலண்ட் லாரி என்ஜினைப் போடலாமா? பாதி விலைக்கு முடித்துத் தருகிறேன் என்று ஒரு வாடிக்கைக்காரரிடம் சொல்லியிருக்கிறேன்.
— வாசகர், கோவில்பட்டி

சொன்னது தப்பில்லை. நம் கரையில் விசைப்படகுகளில் ஓடுவதில் எத்தனையோ லேலண்ட். ஆனால் லாரியிலிருந்து கழற்றி அப்படியே உட்காரவைத்தால் ஓடாது. ரேடியேட்டருக்குப் பதிலாகக் கடல்தண்ணீரில் குளிரும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் வேண்டும், கடல்தண்ணீர் இழுக்கத் தனி பம்பு வேண்டும், புகைக்குழாய்க்குத் தண்ணீர்ச் சட்டை வேண்டும். கியர்பாக்ஸ் வேறு. லாரி மேட்டில் ஏறும்போது மட்டும் முக்கும், அப்புறம் இறக்கத்தில் இளைப்பாறும். படகுக்கு இறக்கமே கிடையாது. மணிக்கணக்காக ஒரே பாரத்தில் ஓட வேண்டும். அதனால் லாரியில் 180 குதிரைத்திறன் எழுதியிருந்தால் படகில் அதைவிடக் குறைத்தே கணக்கு வையுங்கள்.

அதற்கு முன்னால் பழைய என்ஜினைப் பாருங்கள். பைலட் லாஞ்ச் என்ஜின் இரண்டு விதமாக உழைத்திருக்கும். ஒன்று, கப்பலுக்காகக் காத்து மணிக்கணக்கில் ஐடிலில் ஓடும். மற்றொன்று, கூப்பிட்டதும் முழு வேகம். ஐடிலில் கிடந்தால் சிலிண்டர் சுவர் கண்ணாடியாக வழவழத்து எண்ணெய் குடிக்கத் தொடங்கும், நாஸிலில் கரி கட்டும். இது என்ஜினின் சாவு இல்லை. ஹோன் செய்து ரிங் மாற்றினால் பிழைத்துக்கொள்ளும். டிப் ஸ்டிக்கில் எண்ணெய் பாலாடை நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. லாரிக்காரர் கவனிக்க விட்டுவிடும் இடம் கியர்பாக்ஸ். கப்பல் பக்கத்தில் முன்னே, பின்னே என்று ஒரு நாளில் எத்தனை முறை போட்டிருப்பார்கள்! கிளட்ச் பிளேட் தேய்ந்திருக்கும். அப்புறம் ஷாஃப்ட் வெளியேறும் இடத்தில் தண்ணீர் புகாமல் பேக்கிங் வைத்து அடைத்திருக்கும் கிளாண்ட். ஓடும்போது சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வரத்தான் வேண்டும், அதுதான் அதற்குக் குளிர்ச்சி. ஒரு சொட்டும் வரக்கூடாது என்று இறுக்கினீர்களென்றால் பேக்கிங் கருகி ஷாஃப்ட்டில் வரி விழும்.

பாதி விலை என்பதை மட்டும் வாடிக்கைக்காரரிடம் திருப்பிப் பேசிவிடுங்கள்.

கேள்வி: பழைய லாஞ்சில் "பைலட்" என்ற எழுத்தும், மாஸ்டில் வெள்ளை–சிவப்பு விளக்கும் அப்படியே இருந்தால்தானே அழகு? உங்கள் படகில் ஏன் காணோம்?
— கல்லூரி மாணவர், திருநெல்வேலி

மேலே வெள்ளை, கீழே சிவப்பு, இரண்டும் எல்லாத் திசைக்கும் தெரியும்படி. கடல் மோதல் தடுப்பு விதிகளில் 29-ஆம் விதி இது. பைலட் பணியில் இருக்கும் படகு மட்டும்தான் போடலாம். துறைமுகப் படகே பணி இல்லாதபோது அணைத்துவிட வேண்டும். நீங்கள் ஆசைக்குப் போட்டுக்கொண்டு ராத்திரியில் வாய்க்கால் பக்கம் போனால், உள்ளே வரக் காத்திருக்கும் கப்பல் உங்களைப் பார்த்து வேகத்தைக் குறைத்து ஏணியை இறக்கிவிடும். விளையாட்டில்லை இது.

அதனால் எழுத்தை அழித்தேன், விளக்கைக் கழற்றி வீட்டு ஷோகேஸில் வைத்திருக்கிறேன். இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, மாஸ்டிலும் பின்னாலும் வெள்ளை, மற்ற விசைப்படகுக்கு உள்ளதுதான் எனக்கும். வெள்ளையும் சிவப்பும் நெட்டுவாக்கில் பாதி பாதியாக உள்ள கொடியும் அப்படித்தான். பைலட் ஏறியிருக்கிறார் என்று அர்த்தம். சுவரில் மாட்டலாம், மாஸ்டில் கூடாது. வி.எச்.எஃப். ரேடியோ கருவியையும் லாஞ்சோடு வந்தது என்று பயன்படுத்த முடியாது, நம் பேரில் உரிமம் எடுக்க வேண்டும். எடுத்த பிறகு சேனல் 16-ஐ எப்போதும் திறந்து வையுங்கள். அவசரத்துக்குக் கூப்பிட, கடலோரப் பாதுகாப்புப் போலீசுக்கு 1093, இந்தியக் கடலோரக் காவல்படைக்கு 1554. இரண்டையும் வீல்ஹவுஸில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

கேள்வி: படகு இருந்தால் பிள்ளைகளை வான் தீவுக்குக் கூட்டிப் போகலாமே?
— வாசகி, திருச்செந்தூர்

முடியாது தாயி. வான் தீவு, காசுவார், காரைச்சல்லி எல்லாம் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவில் சேர்ந்தவை. 1986-இல் அறிவித்த பூங்கா, மொத்தம் 21 தீவு. வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்கக் கூடாது, பக்கத்தில் நங்கூரம் போடவும் கூடாது. சுற்றிலும் பவளப் பாறை. என் நங்கூரம் ஒரே இழுப்பில் உடைப்பதை வளர்க்கக் கடலுக்கு எத்தனையோ வருஷம் வேண்டும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், வெளியே கொஞ்ச தூரம் போய்வரலாம். லைஃப் ஜாக்கெட் போடாத பிள்ளையை மட்டும் ஏற்ற மாட்டேன்.

கேள்வி: நம்மைப் போல இந்தப் படகுகளைப் பாதுகாக்கிறவர்கள் வேறு நாடுகளில் உண்டா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், அம்பாசமுத்திரம்

நிறையவே உண்டு சார். ஜெர்மனியில் ஹாம்பர்க்கில் 1883-இல் கட்டிய "எல்பே 5" என்ற பைலட் பாய்க்கப்பல் இருக்கிறது. பெரும் செலவில் புதுப்பித்துத் தண்ணீரில் விட்ட கொஞ்ச நாளில், 2019 ஜூனில், எல்பே ஆற்றில் ஒரு கண்டெய்னர் கப்பலோடு மோதி மூழ்கியது. ஏறியிருந்தவர்கள் பிழைத்தார்கள். தூக்கியெடுத்து மறுபடியும் சரிசெய்தார்கள். அமெரிக்காவில் 1913-இல் கட்டிய "அட்வெஞ்சரெஸ்" 1914 முதல் 1952 வரை சான் பிரான்சிஸ்கோ பைலட்களிடம் உழைத்தது, இன்றும் பாய் விரித்துப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓடுகிறது. இங்கிலாந்தில் நெல்சன் என்ற பைபர் லாஞ்ச் வகைக்குத் தனி ரசிகர் கூட்டமே உண்டு.

நம்மிடம் அந்தப் பழக்கம் இல்லை. 1906-இல் சிதம்பரம் பிள்ளை கப்பல் கம்பெனி தொடங்கிய ஊர் இது. அந்த "காலியா", "லாவோ" கப்பல்களில் ஒரு பலகை பார்க்கக் கிடைத்தால் எப்படி இருக்கும்? தோணிகளிலாவது ஒன்றை முழுசாகக் கரையில் நிறுத்தி வைக்கலாம் என்று கேட்கிற இடத்திலெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தலையாட்டுகிறார்கள்.

கேள்வி: ஏலத்தில் எடுத்த படகுக்குப் பேரை மாற்றலாமா? ராசி கெடும் என்கிறார்களே.
— வாசகர், ஆத்தூர்

ராசியை விடுங்கள், பதிவைப் பாருங்கள். விற்பனைக் கடிதம், ரசீது, வெளியேற்று அனுமதி மூன்றையும் பத்திரமாக வைத்துக்கொண்டு, தூத்துக்குடியிலேயே இருக்கும் வணிகக் கடல்துறை அலுவலகத்தில் நேரில் போய்க் கேளுங்கள். படகின் நீளம், எங்கே ஓட்டப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்து எந்தச் சட்டத்தில் பதிவு என்று அவர்கள் சொல்வார்கள். சான்றிதழில் என்ன பேர் வருகிறதோ அதுதான் படகிலும் இருக்க வேண்டும். மீன்பிடிப் படகுகளுக்கு அரசு குறித்திருக்கும் நிறத்தை மட்டும் அடித்துவிடாதீர்கள், ஒவ்வொரு ரோந்துப் படகுக்கும் நின்று விளக்கம் சொல்ல வேண்டிவரும்.

இரும்புப் படகில் பழைய பேரைப் பெயிண்டால் மறைக்க முடியாது. எழுத்தின் ஓரத்தை வெல்டிங்கால் வரைந்திருப்பார்கள், வெயில் சாயும்போது துல்லியமாகத் தெரியும். கிரைண்டர் வைத்து இழைத்து, அன்றைக்கே ப்ரைமர் அடித்துவிடுங்கள். மறுநாள் என்று விட்டால் அந்த இடத்தில் துரு பழைய பேரையே மறுபடி எழுதிவிடும்.